தார் வண்டிக்கு பின்னாடி ஒரு இரும்புப் பெட்டி: திருட்டுக்கும் உப்புக்கும் சேத்து

மஹிந்திரா தார்ல, அதுவும் கூரைக்கு கேன்வாஸ் துணி போட்ட சாஃப்ட் டாப்ல, பின்னாடி டூல்ஸ வச்சிட்டு வண்டிய விட்டு நகர்றது ரொம்ப கஷ்டம்ங்க. கதவ பூட்டலாம், டெயில்கேட்ட பூட்டலாம், எல்லாம் பூட்டியாச்சுன்னு ஒரு தடவ சுத்தி வந்து பாத்துக்கலாம், ஆனா பின்னாடி கேன்வாஸ் ஜிப்ப இழுத்தா கை உள்ள போயிரும், ஜிப்ப தேடக்கூட பொறுமை இல்லாதவன் கையில ஒரு பிளேடு இருந்தா போதும். வண்டி திருடு போறதுக்கு சாவி, இம்மொபிலைசர்னு கம்பெனியே ஏதோ பண்ணி வச்சிருக்கு, வண்டிக்குள்ள இருக்க சாமானுக்கு அப்படி எதுவும் கிடையாது.

நமக்கு ராமநாதபுரம் கரையில போட் இன்ஜின் ரிப்பேர் வேலை. மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம், அந்தப்பக்கம் தேவிபட்டினம், தொண்டின்னு கூப்புட்ட கரைக்கு போகணும். வள்ளம் ஏத்தி வச்சிருக்க எடம் பாதி ரோட்ட விட்டு தள்ளி பனங்காட்டுக்குள்ள பூந்து மணல்ல எறங்கித்தான் இருக்கும், சாதா வண்டி போனா ஆக்சில் வரைக்கும் பொதைஞ்சிரும், அதனாலதான் ஃபோர் வீல் எடுத்தது. மணல்ல பூரா எடத்துக்கும் வண்டிய கொண்டு போகவும் முடியாது, ஒரு எடத்துல நிப்பாட்டிட்டு ஒரு பையில தேவையான ஸ்பேனர மட்டும் எடுத்துக்கிட்டு நடக்கணும், மிச்சம் எல்லாம் வண்டியில கெடக்கும். அதுல டார்க் ரென்ச் இருக்கும், கம்ப்ரஷன் கேஜ் இருக்கும், இன்ஜெக்டர் டெஸ்ட் பண்ற பம்ப் இருக்கும், யாரோ ஒருத்தரோட இன்ஜின்ல இருந்து கழட்டுன இன்ஜெக்டரும் இருக்கும். கடைசியா சொன்னதுதான் எனக்கு பெருசு. நம்ம சாமான் போனா நம்ம பாடு, அடுத்தவன் சாமான் போனா அவன் தொழிலுக்கு போக முடியாது.

மீன்பிடி தடைக்காலம்னு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகாது, அந்த ரெண்டு மாசந்தான் எங்களுக்கு வேலை குமியும், எல்லா இன்ஜினையும் அப்பத்தான் எறக்குவாங்க. அந்த சமயத்துல வண்டி பின்னாடி கெடக்குற சாமானோட மதிப்பு சாதா நாள விட பல மடங்கு. இன்சூரன்ஸ் இருக்கேன்னு நெனைக்காதீங்க, நம்ம சாதாரண பேக்கேஜ் பாலிசி வண்டிக்குத்தான், உள்ள இருக்க சாமானுக்கு இல்ல, அதுக்கு தனியா ஆட்-ஆன் எடுக்கணும், அதுலயும் தொழில் சாமான் வருமான்னு எழுத்துல வாங்கி வச்சுக்கங்க. பெட்டி மாதிரி வெளிய செஞ்சு மாட்டுறதும் பாலிசியில சொல்லி சேத்தாத்தான் கணக்குல வரும்.

அமெரிக்காவுல ஜீப் ராங்லர் வச்சிருக்கவங்களுக்கு இது ரொம்ப நாள் தலைவலி, அதுவும் கேன்வாஸ் டாப் வண்டிதானே. அங்க டஃப்பி, பெஸ்டாப் மாதிரி கம்பெனிங்க பின்னாடி மாட்டுறதுக்குன்னே ஸ்டீல் பெட்டி விக்குறாங்க. ஆஸ்திரேலியாவுல ஏஆர்பின்னு 1975ல இருந்து ஆஃப்ரோடு சாமான் செய்யுற கம்பெனி, அவங்க இழுக்குற டிராயர் மாதிரி செய்யுறாங்க. இதெல்லாம் நம்ம தாருக்கு அப்படியே உக்காராது, ஆனா அந்த யோசனைய எடுத்துக்கலாம். ராங்லர் பெட்டி சிலதுல பின்பக்க செவுருன்னு தனியா ஒண்ணு கிடையாது, வண்டியோட டெயில்கேட்டுதான் செவுரு. தரை வண்டியோடது, ரெண்டு பக்கமும் வண்டி பாடி, நம்ம செய்யுறது முன்பக்க தகரமும் மூடியும் மட்டும். எடை மிச்சம், எடம் மிச்சம். டெயில்கேட்ட சாத்துனா மூடியோட விளிம்பு உள்ள மாட்டிக்கும்.

இத பாத்துட்டு நம்ம ஊர்ல ஒருத்தர் அதே மாதிரி, ஆனா அடியிலயும் ஒரு தகரம் வச்சு செஞ்சாரு, மண்டபத்துல இருக்க நண்பர், டூரிஸ்ட்ட தீவுப்பக்கம் கூட்டிட்டு போறவரு. வெளியூர் பட்டறை ஒண்ணுல குடுத்து செஞ்சது. பாக்க அம்சமா இருந்துச்சு, ஒரு மழைக்காலம் தாண்டுறதுக்குள்ள அடித்தகரம் பொரிஞ்சு போச்சு. கைய வச்சு அழுத்துனா இலை இலையா உரிஞ்சு வந்துச்சு, கீல் இறுகிப்போயி மூடிய தெறக்க ரெண்டு பேரு வேணும். மேல அடிச்ச பெயிண்ட் மட்டும் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. திருடன் ஒருத்தனும் கிட்ட வரல, பெட்டி அதுவா போச்சு. நம்ம கரையில பெட்டி செய்யுறவங்க பூட்ட பத்தி யோசிக்குற அளவுக்கு உப்ப பத்தியும் யோசிக்கணும்னு எனக்கு ஆழமா பதிஞ்சது அதுலதான், இந்த பதிவே அதுக்குத்தான்.

உப்பு எப்படி வேலை செய்யுதுன்னா, கடல் தண்ணி வண்டி மேல படவே வேணாம். கச்சான்ங்கற தென்மேற்கு காத்து அடிக்கிற மாசத்துல தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் காத்துலயே உப்பு வருது, வாடைக்காத்து அடிச்சா வடகடல் (பாக் நீரிணை) பக்கம். காத்துல வந்த உப்பு தூசி மாதிரி தகரத்து மேல படிஞ்சு பகல்ல காஞ்சு கெடக்கும், அப்ப ஒண்ணும் பண்ணாது. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுச்சுன்னா அந்த உப்பு தானா தண்ணிய இழுத்து கரைய ஆரம்பிச்சிரும். நம்ம கரையில ராத்திரி அந்த அளவ தாண்டுறது சாதாரணம். அதனால வீட்டு வாசல்ல சும்மா நிக்கிற வண்டியிலயும் ராத்திரி பூரா தகரத்து மேல உப்புத்தண்ணி பூசுன மாதிரித்தான், காலையில காஞ்சிரும், நம்ம கண்ணுக்கு தெரியாது. விடியக்காலம் டெயில்கேட்ட விரலால தடவி நாக்குல வச்சுப் பாருங்க, கரிக்கும்.

சரி, எந்த தகரத்துல செய்யுறது. சாதா எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ஷீட்டு எல்லா பட்டறையிலயும் கெடைக்கும், எல்லாரும் வெல்டிங் வைப்பாங்க, கடப்பாரைக்கு தாங்கும். 16 கேஜ்னு சொல்றது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், அதுக்கு கீழ போனா மூடி வளையும், வளைஞ்சா நெம்பலாம். எடை கணக்கு போட்டுக்கங்க, ஒரு சதுர மீட்டர் எம்எஸ் ஷீட்டு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. ஒரு மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் ஆழம்னு முழுப்பெட்டி செஞ்சா ஆறு பக்கமும் சேத்து 1.92 சதுர மீட்டர் வரும், 1.6ல போட்டா 24 கிலோ வெறும் தகரமே. அதே பெட்டிய 3 மில்லிமீட்டர் அலுமினியத்துல செஞ்சா 16 கிலோவுக்கு உள்ள முடியும். அலுமினியத்துல 5052ங்கற ரகம்னு கேட்டு வாங்கணும், அது கடல் காத்துக்கு நல்லா நிக்கும். ஆனா அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேணும், அது எல்லா ஊர் பட்டறையிலயும் கெடையாது, ரிவெட் அடிச்சா ரிவெட்ட டிரில் போட்டு எடுத்துருவான்.

ஜிஐ ஷீட்டு, அதாவது துத்தநாகம் பூசுன தகரம், போட்டா துரு புடிக்காதேன்னு நெறைய பேரு சொன்னாங்க. ஷீட்டுக்கு சீக்கிரம் புடிக்காது, வெல்டிங் வச்ச எடத்துக்கு புடிக்கும், அங்க துத்தநாகம் எரிஞ்சு போயிருமே. அது எரியுறப்ப வர்ற வெள்ளப்புகைய இழுத்தா வெல்டருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி தூக்கிப் போடும், அதனால வெல்டு வர்ற எடத்த மட்டும் முன்னாடியே கிரைண்டர் வச்சு தேய்ச்சு எடுத்துட்டு, வெல்டு முடிஞ்சதும் அந்த எடத்துல சிங்க் பிரைமர் அடிக்கணும். எஸ்எஸ்னா, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா, கவலையே இல்லன்னும் சொல்லுவாங்க. அதுல 304ங்கற ரகம் கடல் ஓரத்துல பழுப்புக்கறை வாங்கும், லாட்ஜ் படிக்கட்டு கைப்பிடிய பாத்தாலே தெரியும். 316ல மாலிப்டினம் 2ல இருந்து 3 சதவீதம் வரைக்கும் சேந்திருக்கு, அதுதான் உப்ப தாங்குறதுக்கு காரணம், வெலையும் அதுக்கு தகுந்த மாதிரி.

நான் எடுத்த முடிவு என்னன்னா முன்பக்க தகரமும் மூடியும் ஜிஐ, போல்ட்டும் கீலும் எஸ்எஸ் 316, அடியில தனியா தகரம் இல்ல. வண்டித் தரையிலயே ரப்பர் மேட்டு விரிச்சு அது மேல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பலகை, தண்ணி வந்தா கீழ எறங்கிரும், டூல்ஸ் தண்ணியில நிக்காது. நண்பர் பெட்டி போனதே அடியில மணலும் ஈரமும் தங்குனதாலதான். தகரம் தரையோட ஒட்டி உக்காந்த எடத்துல காத்தே போகல, அங்கதான் முதல்ல பொரிஞ்சிருந்துச்சு. என் பெட்டி தகரம் தரையில இருந்து ஒரு விரல் கனம் தூக்கித்தான் நிக்குது, சந்துல ரப்பர் பட்டை. அத கிழிச்சு ஒரு ஸ்பேனர உருவலாமான்னா, உள்ள ஒரு ஆங்கிள் (எல் வடிவ இரும்புப் பட்டை) குறுக்க ஓடுது, கை போகாது.

உலோகத்த கலக்குறதுல ஒரு விஷயம் இருக்கு, இத பட்டறையில யாரும் சொல்ல மாட்டாங்க. பெரிய எஸ்எஸ் தகரத்துல சின்ன சாதா போல்ட்டு போட்டா போல்ட்டு சீக்கிரம் அரிச்சு போயிரும். பெரிய சாதா தகரத்துல சின்ன எஸ்எஸ் போல்ட்டு போட்டா அவ்வளவு மோசம் இல்ல. அலுமினியத்துல எஸ்எஸ் போல்ட்டு போட்டா ஓட்டைய சுத்தி வெள்ளப்பொடியா கொட்டும். எப்படி போட்டாலும் நடுவுல நைலான் வாஷர் வைங்க, வாஷருக்கு அடியில கிரீஸ் தடவுங்க. போட்ல இன்ஜின் மாட்டுறவங்களுக்கு இது தெனம் பாக்குற விஷயம்.

வெல்டிங் வைக்கிற அண்ணன்கிட்ட படம் வரைஞ்சு குடுத்தப்ப அவரு மொதல்ல கேட்டதே, "ஏன் தம்பி, வெளிய ஒரு கொண்டிய வச்சு பெரிய பூட்டா மாட்டுனா முடிஞ்சு போச்சுல்ல?"ன்னுதான். "இல்லண்ணே, வெளிய தெரியுற கொண்டியில வீல் ஸ்பேனர விட்டு நெம்புனா பூட்டு அப்படியே இருக்கும், கொண்டி வெல்டோட வந்துரும்"னேன். அவரு கொஞ்ச நேரம் பேசல, பெறவு பட்டறையில கெடந்த பழைய ஷட்டர் ஒண்ண காட்டி அதுல இருந்த பட்டைப்பூட்டு மாதிரி உள்ளாற வச்சு ரெண்டு பக்கமும் கம்பி ஓடுறாப்ல செய்யலாம்னாரு. அருமையான யோசனை அது. சாவிய திருப்புனா நடுவுல இருந்து ரெண்டு கம்பி ரெண்டு பக்கமும் நீண்டு பாடியில வெல்டு வச்ச தொளைக்குள்ள போயி மாட்டும். மூடியில எந்த பக்கம் நெம்புனாலும் ரெண்டு எடத்துல புடிச்சிருக்கும். மூடியோட விளிம்ப ரெண்டு சென்டிமீட்டர் கீழ மடிச்சு விட்டிருக்கோம், ஸ்க்ரூடிரைவர் நுனி உள்ள போக சந்தே கெடையாது. கீலும் உள்பக்கந்தான், வெளிய தெரியுற கீலுன்னா ஆணிய தட்டி எடுத்துட்டு மூடிய பின்பக்கமா தெறந்துருவாங்க.

கடையில கெடைக்கிற சின்ன கேம் லாக், அந்த மேசை டிராயருக்கு போடுறது, அத தயவு செஞ்சு போடாதீங்க. உள்ள இருக்க நாக்கு ஒரே ஒரு சின்ன தகடு, ஒரு திருப்பு திருப்புனா வளைஞ்சிரும்.

டெயில்கேட்ட நம்பியும் இருக்க முடியாது. சாஃப்ட் டாப்ல ஜிப்ப தெறந்து மேல இருந்து குனிஞ்சு கைய விடலாம், அதனால டெயில்கேட்டு செவுரா இருந்தாலும் மூடிக்கு சொந்தமா பூட்டு இருந்தே ஆகணும். ஹார்ட் டாப், அதாவது கெட்டிக் கூரை, வச்சிருக்கவங்களுக்கு இவ்வளவு வேணாம், ஆனா கண்ணாடி வழியா உள்ள தெரியும், ஒரு மூடி இருந்தா பாக்குறவன் கண்ணு ஒதுங்கிரும். மாருதி ஜிம்னிக்கும் இதே கதைதான், அஞ்சு டோர்னாலும் சீட்டு நிமிந்திருந்தா பின்னாடி 208 லிட்டர் எடந்தான், மடக்குனா 332.

எங்க போல்ட்டு போடுறதுங்கறத அவசரப்படாம பாருங்க. சீட் பெல்ட் மாட்டியிருக்க போல்ட்ட தொடவே கூடாது, அது உசிரு சமாச்சாரம். தரையில புதுசா டிரில் போடுறதுன்னா மொதல்ல வண்டிக்கு அடியில படுத்து பாக்கணும், டீசல் டேங்க் எங்க, பிரேக் பைப் எங்க ஓடுது, ஒயரிங் எங்க போகுதுன்னு. ஓட்டை போட்ட விளிம்புல பெயிண்ட் போயிருக்கும், அங்கேயே பிரைமர் வைக்கலைன்னா அடுத்த வருசம் தரையே போயிரும். போல்ட்டுக்கு அடியில கனமான தகடு வைக்கணும், வெறும் வாஷர் போட்டா மோதுறப்ப தகரத்த கிழிச்சுட்டு வந்துரும். நட்டு பெட்டிக்கு உள்பக்கம் இருக்கணும், வெளிப்பக்கம் ஸ்பேனர் புடிக்க முடியாத மொட்டைத்தலை போல்ட்டு, அப்பத்தான் மூடிய தெறக்காம பெட்டிய கழட்ட முடியாது. பெட்டியோட தூக்கிட்டு போனா பூட்டு எதுக்கு?

திருட்ட விட இது முக்கியம்னு கூட சொல்லுவேன். பின்னாடி சும்மா கெடக்குற 20 கிலோ டூல் பாக்ஸ், 50 கிலோமீட்டர் வேகத்துல போய் எதுலயாவது மோதுனா பல நூறு கிலோ தள்ளுற விசையோட முன்னாடி வரும். முன்னாடி உக்காந்திருக்கறது நம்ம வீட்டு ஆளு. சாமான போல்ட்டு போட்டு கட்டுறதுங்கறது அவங்க தலைய காப்பாத்துறது. வேற பெட்டி செய்ய வசதி இல்லைன்னா கூட ஒரு நல்ல பெல்ட்டு வாங்கி டூல் பாக்ஸ இழுத்துக் கட்டிப் போடுங்க, அத இன்னைக்கே பண்ணுங்க.

பின் சீட்ட நான் கழட்டல, முன்னாடி மடக்கித்தான் எடம் எடுத்திருக்கேன். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுல வண்டிய ஆர்சியில இருக்கறதுக்கு மாறா மாத்தக் கூடாதுன்னு இருக்கு, சீட்டு எண்ணிக்கையும் ஆர்சியில எழுதியிருக்கு. போல்ட்ட கழட்டுனா பெட்டி வெளிய வந்துரணும், வண்டி பழைய மாதிரி ஆயிரணும், அப்படி செஞ்சுக்கறதுதான் நல்லது.

நம்ம கரைக்கு மட்டும் இருக்க விஷயம் ஒண்ணு. கடல் அட்டைய 2001ல வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணையில சேத்துட்டாங்க, அதுல இருந்து கடத்தல புடிக்க கடற்கரை ரோட்டுல சோதனை நடக்குறது வழக்கம். மீன்கரையில இருந்து வர்ற வண்டியில பூட்டுன இரும்புப் பெட்டி இருந்தா தெறக்கத்தான் சொல்லுவாங்க, சொல்லணும், மன்னார் வளைகுடாவுல அது அழிஞ்சிட்டா நமக்குத்தான் நஷ்டம். அதனால நாம எறங்குன உடனே பெட்டி ஒரே சாவியில தெறக்குற மாதிரி இருக்கணும், உள்ள எல்லாம் ஒரே பார்வையில தெரியணும். நான் உள்ள ரப்பர் ஷீட்ட வெட்டி ஒவ்வொரு டூலுக்கும் தனி எடம் வச்சிருக்கேன், ராத்திரி டார்ச்சு அடிச்சு பாத்தா எது கொறையுதுன்னு எனக்கே தெரிஞ்சிரும், மணல்ல குலுங்குறப்ப டார்க் ரென்ச் மேல சுத்தியல் விழாது.

மூடி விளிம்புக்கு கார் கதவுக்கு போடுற ரப்பர் பீடிங் ஒட்டியிருக்கேன், மணல் உள்ள போகாம இருக்க. ரொம்ப இறுக்கி அடைச்சாலும் ஆகாது, பகல்ல வெயில்ல காஞ்சு ராத்திரி குளுந்தா உள்ளயே வேர்த்து டூல்ஸ் மேல துரு பூத்துரும். சிலிகா ஜெல் பை நாலஞ்சு மூலைக்கு மூலை போட்டிருக்கேன். நல்ல டூல்ஸ் எல்லாம் எண்ணெ தொட்ட துணியில சுத்தித்தான் வைக்கணும், பெட்டி வந்துருச்சுன்னு அந்த பழக்கத்த விட்ராதீங்க. பூட்டுக்கு உள்ள மட்டும் எண்ணெ விடாதீங்க, எண்ணெயில மணல் ஒட்டி மாவு மாதிரி ஆகி சாவி திரும்பாது, கிராஃபைட் பொடி போதும். சாவித்தொளைக்கு மேல பழைய சைக்கிள் டியூப்ல ஒரு துண்டு வெட்டி மேல்பக்கம் மட்டும் ஸ்க்ரூ போட்டிருக்கேன், தூக்கிட்டு சாவி போடணும், விட்டா தானா மூடிக்கும். இவ்வளவு செலவுலயும் ரொம்ப ஒழைக்கிறது அந்த டியூப்பு துண்டுதான்.

பெட்ரோல் கேன், மண்ணெண்ணெய் கேன் எதையும் இதுக்குள்ள வைக்காதீங்க, அவுட்போர்டு (வள்ளத்துக்கு வெளிய மாட்டுற இன்ஜின்) வேலைக்கு போறவங்களுக்கு குறிப்பா சொல்றேன். மூடுன இரும்புப் பெட்டி, நம்ம ஊர் வெயில், உள்ள ஆவி அடைஞ்சு நிக்கும், ஒரு பொறி போதும். லித்தியம் பேட்டரி டிரில்லும் மத்தியான வெயில்ல உள்ள கெடக்கக்கூடாது, நான் பேட்டரிய மட்டும் கழட்டி கையோட எடுத்துட்டு போயிருவேன்.

மாசம் ஒரு தடவ நல்ல தண்ணியில கழுவி, போல்ட்ட எல்லாம் ஒரு தடவ இறுக்கி பாக்குறேன், மணல்ல ஓட்டுனா கண்டிப்பா லூசாகும். அடுத்து மூடிய தானா தாங்கிப் புடிக்கிற கேஸ் ஸ்ட்ரட் போடணும், இப்ப ஒரு கையில மூடிய புடிச்சுக்கிட்டு ஒரு கையில ஸ்பேனர் எடுக்குறது செரமமா இருக்கு, கடல் காத்துல எந்த ஸ்ட்ரட் நிக்குதுன்னு அனுபவத்துல தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. அளவு வேணும்னா எழுதி அனுப்புறேன், ஆனா ஹார்ட் டாப்புக்கு மேல் கம்பி வேற மாதிரி ஓடும், அதனால ராமநாதபுரம் பக்கம் வர்றவங்க டேப்போட வாங்க, கழட்டியே காட்டுறேன்.